ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் ஓடுகிறது: லேடரில் என்ன தவறு?

வணக்கம். பிஎல்சி (இயந்திரங்களை நிரல் மூலம் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கற்றுக்கொண்டிருக்கிறேன். பயிற்சிப் பலகையில் மோட்டார் ஸ்டார்ட்-ஸ்டாப் லேடர் (மின்சுற்றுப் படம் போல வரையும் பிஎல்சி நிரல்) எழுதினேன். ஸ்டார்ட் பட்டன் ஐ0.0 உள்ளீடு, நார்மலி ஓபன் (என்ஓ: அழுத்தினால்தான் மின்சாரம் செல்லும்). ஸ்டாப் ஐ0.1, நார்மலி குளோஸ்டு (என்சி: அழுத்தாதபோது மின்சாரம் செல்லும்). மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) கியூ0.0 வெளியீடு. ஸ்டாப் பட்டன் என்சி என்பதால் லேடரிலும் என்சி கான்டாக்ட் குறியீடு போட்டேன். சிமுலேட்டரில் நன்றாக ஓடியது. பலகையில் ஸ்டார்ட்டை அழுத்தினால் அசைவே இல்லை. ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் கான்டாக்டர் இழுக்கிறது. ஸ்டாப்பை விட்டதும் விழுந்துவிடுகிறது.

பதில் 1:
ஐ0.1 கான்டாக்ட்டை என்ஓ ஆக மாற்றுங்கள், ஓடும்.

பதில் 2:
மாற்றினால் ஓடும், ஆனால் காரணம் தெரிந்துகொள்வது முக்கியம். வெளியே இருப்பது என்ன பட்டன் என்று பிஎல்சிக்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்கேனின் (நிரலை ஒரு முறை ஓட்டும் சுற்றின்) தொடக்கத்திலும் அந்த முனையில் 24 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து 1 அல்லது 0 எழுதிக்கொள்ளும். உங்கள் ஸ்டாப் பட்டனைத் தொடாதபோது மின்சாரம் வருகிறது, அதாவது 1. லேடரில் என்சி கான்டாக்ட் 0 இருந்தால்தான் வழிவிடும். அதனால்தான் பட்டனை அழுத்தினால் வழி திறக்கிறது. சிமுலேட்டரில் எல்லா உள்ளீடும் 0-வில் தொடங்கும், அங்கே பிழை மறைந்துவிட்டது. இன்புட் எல்இடியைப் பாருங்கள், ஐ0.1 சும்மாவே எரிந்துகொண்டிருக்கும்.

கேட்டவர்:
சரி, புரிந்தது. அப்படியானால் ஸ்டாப்புக்கு என்ஓ பட்டன் வைத்து, லேடரை இப்படியே விடலாமே?

பதில் 2:
ஓடும், ஆனால் தயவுசெய்து வேண்டாம். ஸ்டாப் பட்டனின் வயர் அறுந்தால் ஐ0.1 எப்போதும் 0. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. என்சி பட்டனாக இருந்தால் வயர் அறுந்த கணமே நின்றுவிடும். பலகையில் மோட்டார் இணைப்பை எடுத்துவிட்டு, கான்டாக்டர் இழுத்திருக்கும்போது ஐ0.1 வயரைக் கழற்றிப் பாருங்கள்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். இது சாதாரண ஸ்டாப்புக்குத்தான். எமர்ஜென்சி ஸ்டாப்பை இப்படிச் சாதாரண பிஎல்சி நிரலை மட்டும் நம்பி விடக் கூடாது. சேஃப்டி ரிலே (பாதுகாப்புக்கென்றே உள்ள தனி ரிலே) வழியாகக் கான்டாக்டர் காயிலின் சப்ளையே அறுபட வேண்டும். பட்டனை விடுவித்ததும் இயந்திரம் தானாகக் கிளம்பவும் கூடாது. ஸ்டார்ட்டை மறுபடி அழுத்த வேண்டும்.

கேட்டவர்:
என்ஓ ஆக மாற்றினேன், சரியாக ஓடுகிறது. வயரைக் கழற்றியதும் கான்டாக்டர் விழுந்தது. ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் சுற்றை அறுக்கும் கருவி) 95-96 முனையையும் ஐ0.2-க்குக் கொண்டுவரப் போகிறேன். அதுவும் என்சி, ஆக லேடரில் என்ஓ தானே?

பதில் 2:
ஆமாம், ஸ்டாப்போடு தொடராகப் போடுங்கள்.