செகிரோவுக்கு ஈஸி மோட் வேண்டுமா, வேண்டாமா?

கானாடுகாத்தான்_ஓநாய்:
பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லாம் பெரிய வீட்டுக்கு வந்திருந்தபோது, வளவை ஒட்டிய அறையில் டிவியை வைத்து ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ ஆடினோம். அப்போது ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இங்கே நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் ஆடியிருப்பதால் கேட்கிறேன்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஃபிரம்சாஃப்ட்வேர் செய்த ஆக்‌ஷன் அட்வென்ச்சர் கேம், 2019 மார்ச்சில் வந்தது. ஜப்பானில் உள்நாட்டுப் போர்கள் ஓயாத செங்கோகு காலக் கடைசியில், ஆஷினா என்ற மலைநாட்டில் நடக்கிறது. ஓநாய் என்று பெயர் கொண்ட ஒரு ஷினோபி (நிஞ்சா), கடத்தப்பட்ட தன் இளம் எஜமான் குரோவை மீட்கப் போகிறான். அந்த வருட டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் வாங்கியது. ஈஸி, நார்மல், ஹார்டு என்று கஷ்டத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க இதில் எதுவும் கிடையாது.

அது சரிதான் என்பது என் கட்சி. இந்த கேமில் எதிரியின் உயிர் அளவைக் கரைப்பதைவிட அவன் போஸ்ச்சரை, அதாவது நிரம்பினால் நிலைகுலைய வைக்கும் தடுமாற்ற அளவை, ஏற்றி உடைப்பதுதான் வேலை. அவன் வெட்டு வந்து விழும் நொடியில் தடுத்தால் டிஃப்ளெக்ட்; அவன் போஸ்ச்சர் ஏறும். விடாமல் நெருக்கினால் நிலைகுலைவான், ஒரே குத்தில் முடித்துவிடலாம். அந்த நேரக்கணக்குதான் மொத்த கேமும். ஈஸி மோட் வைத்தால் டிஃப்ளெக்ட் பழகாமலே வெட்டித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இதில் என்ன மிச்சம் இருக்கும்?

தேவகோட்டை_கீபோர்டு:
அண்ணே, கஷ்டத்துக்கு முன்னால் கன்ட்ரோலைப் பேசிவிடுவோம். நான் பிசியில் கீபோர்டும் மவுஸும் வைத்து ஆடுகிறேன். இடது கிளிக் வெட்டு, வலது கிளிக் தடுப்பு. இதுக்கு கன்ட்ரோலர்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு டிஃப்ளெக்ட் மவுஸில்தான் நன்றாக விழுகிறது. குதிக்கத் தனி பட்டன் உண்டு, ஓடினால் தீரும் ஸ்டாமினா என்று எதுவும் இல்லை, கயிற்றுக் கொக்கியைப் போட்டுக் கூரைக்குக் கூரை தாவலாம். இதெல்லாம் அருமை.

என் கோபம் கேமரா மேல். அந்தக் கிணற்றுக்குள் இறங்கினால் லோன் ஷேடோ என்ற எதிரி ஒருத்தன் நிற்பான் இல்லையா? குறுகலான இடம். முதுகு சுவரில் ஒட்டியதும் கேமரா எங்கேயோ திரும்பிக்கொள்கிறது, எதிரி மேல் பார்வையைப் பூட்டி வைக்கும் லாக்‌ஆன் அறுந்துபோகிறது. அடுத்து வரும் உதையை நான் பார்க்கவே முடியவில்லை. பார்க்க முடியாத அடியில் செத்தால் அதில் நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அதைக் கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், குறை என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, ஆபத்தான அடி வரும்போது தலைக்கு மேல் சிவப்பில் ஒரு ஜப்பானிய எழுத்து மின்னும். குத்து வந்தாலும் அதே எழுத்து, காலை வாரினாலும் அதே எழுத்து, கட்டிப்பிடிக்க வந்தாலும் அதே எழுத்து. குத்துக்கு முன்னால் பாய்ந்து மிதிக்க வேண்டும், காலை வாரினால் குதிக்க வேண்டும், பிடிக்க வந்தால் விலக வேண்டும். மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

கானாடுகாத்தான்_ஓநாய்:
கேமரா விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன் தம்பி. மூலையில் மாட்டினால் அது கெடுத்துவிடுகிறது, உண்மை.

ஆனால் சிவப்பு எழுத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியோடு வரும் சண்டையை நினைத்துப் பாருங்கள். மேலே எம்பி, வாளை இறக்கி ஒரு வெட்டு. அதைத் தடுத்ததும் எழுத்து மின்னுகிறது. அடுத்து குத்துவானா, காலை வாருவானா? எழுத்தைப் பார்த்தால் தெரியாது, அவன் உடம்பைப் பார்த்தால் தெரியும். குத்துவதற்கு வாளைப் பின்னால் இழுப்பான், வாருவதற்கு உடம்பைத் தாழ்த்துவான். ஒரு கட்டத்தில் எழுத்தையே மறந்துவிட்டு அவன் தோளைப் பார்க்க ஆரம்பிப்போம். மூன்று நிறம் கொடுத்திருந்தால் கடைசிவரைக்கும் விளக்கைப் பார்த்து பட்டன் தட்டுகிறவர்களாகவே இருந்திருப்போம்.

சிராவயல்காரன்:
ஓநாய் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொம்பில் தீயைக் கட்டிக்கொண்டு ஒரு காளை வருமே, கோட்டைக்குப் போகிற வழியில். அங்கே என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் திணறினார்கள். தை மாதம் எங்க ஊர் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: காளைக்கு நேர் முன்னால் யாரும் நிற்க மாட்டான். ஓடவிட்டு, பக்கவாட்டில் அணைந்து திமிலைப் பிடிக்கணும். இதிலும் அப்படித்தான். பாய்ந்து வரும்போது ஒதுங்கி, அது திரும்புவதற்குள் பின்னால் ஓடி வெட்டினால் வேலை முடிந்தது. பட்டாசு போட்டால் மிரண்டு நிற்கும், அப்போது இன்னும் நாலு வெட்டு. அந்தப் பட்டாசை ஆரம்பத்திலேயே ஒரு வியாபாரியிடம் 500 சென்னுக்கு (கேமில் வரும் காசு) வாங்கலாம். சுற்றிப் பார்க்காமல் ஓடியவர்கள் அதை வாங்கியே இருக்க மாட்டார்கள்.

வழி உள்ளேயே இருக்கிறது. ஈஸி மோட் எதுக்கு?

பள்ளத்தூர்_மீனா:
நீங்கள் எல்லோரும் கை நன்றாக இருக்கிறவர்களாகப் பேசுகிறீர்கள்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கை விரல்களில் பலம் குறைவு. அவனுக்கு இந்த கேம் என்றால் உயிர். ஆஷினாவின் வரைபடம் அவனுக்கு மனப்பாடம், எந்த எதிரி எப்போது என்ன செய்வான் என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பான். நான் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து “அக்கா, இப்போ குத்துவான்” என்பான், சொன்னபடியே குத்துவான். ஓநாய் அண்ணன் சொன்ன அந்தத் தோளைப் படிக்கும் திறமை அவனுக்கு என்னைவிட அதிகம். ஆனால் அவன் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்ட்ரோலரில் தடுப்பு எல்1, இடது கை விரலால் அழுத்தும் பட்டன். விரல் அழுத்துவதற்குள் வாள் இறங்கிவிடுகிறது. பதற்றத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் இன்னும் மோசம், ஏனென்றால் அப்படித் தட்டத் தட்ட டிஃப்ளெக்ட் ஆகும் நேரம் சுருங்கும்படிதான் செய்திருக்கிறார்கள்.

அவன் கற்றுக்கொள்ளவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவனுக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் கூடுதலாகக் கொடுத்தால் உங்களில் யாருக்கு என்ன குறையும்? இதற்கு நேராகப் பதில் வேண்டும்.

கோட்டையூர்_சிங்கை:
மீனா ஆச்சி கேட்டது முடியாத காரியம் இல்லை. அதே 2019 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர்’ வந்தது. அதுவும் தடுத்துத் தடுத்து எதிரியை உடைக்கிற கேம்தான். அதில் நாலு நிலை. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்கும்போது தடுக்கும் நேரம் எவ்வளவு, எதிரியின் அடி எவ்வளவு, அவன் எவ்வளவு மூர்க்கமாக வருவான் என்று தனித்தனியாகக் கோடு போட்டுக் காட்டுகிறது. 2020ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’வில் உடல் சிரமம் உள்ளவர்களுக்காக மட்டும் அறுபதுக்கு மேல் அமைப்புகள். அவற்றை வைத்து ஆடினவர்களால் மற்றவர்கள் ஆட்டம் கெட்டுப்போனதாக நான் கேள்விப்படவில்லை.

கானாடுகாத்தான்_ஓநாய்:
மீனா, உன் தம்பியைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி அப்போது பேட்டியில் சொன்ன காரணம் இதுதான்: எல்லோரும் ஒரே தடையைத் தாண்டி வரவேண்டும், அதைப் பற்றி எல்லோரும் ஒரே தளத்தில் நின்று பேசவேண்டும். எனக்கு அது பெரிய விஷயம். நாம் இங்கே கெனிச்சிரோ என்றதும் எல்லோருக்கும் ஒரே ஆள் நினைவுக்கு வருகிறான். ஒருத்தருக்கு அவன் புலி, இன்னொருத்தருக்குப் பூனை என்றால் இந்தப் பேச்சே இருக்காது. நேரம் கூட்டினால் உனக்கு என்ன குறையும் என்று கேட்டாய். எனக்குக் குறைவது இதுதான். சின்ன விஷயமாக இருக்கலாம், ஆனால் எனக்கு அது முக்கியம்.

செக்காலை_வாசகி:
கதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் பிரச்சினை கஷ்டம் இல்லை, கதைதான். (இனி ஸ்பாய்லர் உண்டு.)

முக்கியமான கதை பிடித்திருக்கிறது. தந்தை சொல்லே முதல், எஜமான் சொல் அதற்கு அடுத்து என்பது அந்த ஷினோபிகளின் விதி. வளர்த்த அப்பா ஆந்தை வந்து “குரோவைக் கைவிடு” என்று கேட்கும் இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். அங்கே தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கேம் சீக்கிரமே வேறு முடிவுக்குப் போய்விடுகிறது. அந்த இடம் ஒன்றுக்காகவே பாராட்டலாம்.

ஆனால் மீதிக் கதை எல்லாம் எங்கே? ஒரு பொருளின் குறிப்பில் பாதி, ஒட்டுக்கேட்கும் பேச்சில் கால்வாசி, ஓநாய்க்குச் செயற்கைக் கை பொருத்திய சிற்பிக்கு ‘சாக்கே’ என்ற ஜப்பானிய மது வாங்கிக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். வாங்கிக் கொடுக்காமல் போனவனுக்கு அந்த மனிதனின் பழைய வாழ்க்கையே தெரியாது. ஆட்டத்தில் கஷ்டம் இருக்கட்டும், கதையையுமா ஒளித்துவைக்க வேண்டும்?

தேவகோட்டை_கீபோர்டு:
அக்கா, ஒளித்துவைத்ததால்தான் எனக்கு அது ஒட்டிக்கொண்டது. சிராவயல் அண்ணன் சொன்ன அந்தப் பட்டாசு இருக்கிறதே, அதன் பெயர் ‘ராபர்ட்டின் பட்டாசு’. வாங்கும்போது யார் இந்த ராபர்ட் என்று நான் யோசிக்கவே இல்லை. அப்புறம் சென்போ கோயில் பாலத்தில் உடம்பு முழுக்க இரும்புக் கவசத்தோடு ஒரு வெளிநாட்டான் வழிமறிக்கிறான். வாளால் எங்கே வெட்டினாலும் கவசத்தில் ஏறவில்லை. போஸ்ச்சரை உடைத்துப் பாலத்திலிருந்து தள்ளினால்தான் முடியும். விழும்போது “ராபர்ட்” என்று கத்துகிறான்.

அப்போதுதான் புரிந்தது, அவன் பிள்ளையின் நோய்க்கு மருந்து தேடி வந்த தகப்பன். கோயிலுக்குக் காவல் நிற்பதே பிள்ளைக்காகத்தான். அந்தக் கோயிலில் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று மேலே போனால் தெரியும். இதை ஆட்டத்துக்கு நடுவில் வரும் ஒரு காட்சியில் யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் எனக்கு இப்படி வலித்திருக்காது. தள்ளியது என் கை.

செக்காலை_வாசகி:
நன்றாகச் சொன்னீர்கள். அந்தப் பாலம் எனக்கும் மறக்காது.

ஆனாலும் அந்தக் குறிப்புகள் எல்லாம் பழைய பாணி இங்கிலீஷில், தமிழ் கிடையாது. எங்க தெருப் பையன்கள் நன்றாக ஆடுவார்கள், ஆனால் அந்தக் குறிப்புகளைப் படிக்கத் திணறி, தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அவன் வெறும் கவசக்காரன்தான். புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்து 2020ல் வந்த ‘ராஜி’ கேமைப் பாருங்கள். தம்பி கோலுவைத் தேடிப் போகிற பெண்ணின் கதையைத் துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே சொல்லிவருகிறார்கள். முடிவு சட்டென்று அறுந்துபோனது எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் நடுவில் எங்கேயும் கதை கைநழுவவில்லை.

சிராவயல்காரன்:
ராஜியில் சண்டை கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது அக்கா, எனக்கு அதுதான். கதைக்காக மட்டும் என்றால் சரி.

இருமல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் செத்துச் செத்துப் பிழைத்தால் மற்றவர்களுக்கு டிராகன்ராட் என்று நோய் வரும், இருமுவார்கள். நிறையப் பேர் இதற்குப் பயந்தே கேமை விட்டுவிட்டார்கள். அதில் யாரும் சாக மாட்டார்கள். மருந்து இருக்கிறது, ஒரே தடவையில் எல்லோருக்கும் குணமாகும். புதிதாக ஆடுகிறவர்கள் தைரியமாக ஆடுங்கள்.

கோட்டையூர்_சிங்கை:
ஓநாய் அண்ணனின் ‘ஒரே தடை’ வாதத்துக்கு வருகிறேன். அது இப்போதே ஒரே தடை இல்லை. பிசியில் கேமின் வேகத்தையே குறைக்கும் ‘மாட்’கள் (ஆடுகிறவர்களே செய்து வெளியிடும் மாற்று நிரல்கள்) வெளிவந்து வருஷக்கணக்காகிறது. தேவகோட்டைத் தம்பி நினைத்தால் இன்றைக்கே போடலாம். மீனா ஆச்சியின் தம்பி பிஎஸ்4ல் ஆடுவதால் அவனால் முடியாது. ஆக, பிசி வாங்க வசதி உள்ளவனுக்கு ஈஸி மோட் இருக்கிறது, இல்லாதவனுக்கு இல்லை. இதனால் உங்கள் கெனிச்சிரோ பூனையாகிவிட்டானா?

இன்னொன்று, கேமுக்குள்ளேயே கஷ்டத்தைக் கூட்ட வழி வைத்திருக்கிறார்கள். மணியை அடித்தால் எதிரிகள் பலமாவார்கள். கேமை ஒருமுறை முடித்து ஆடும் அடுத்த சுற்றில் குரோ கொடுத்த தாயத்தைத் திருப்பிக் கொடுத்தால், சும்மா தடுத்தாலே உயிர் குறையும். மேலே போக ஏணி வைத்தவர்கள் கீழே ஒரு படி வைத்தால் தத்துவம் கெட்டுவிடுமா? 2020 அக்டோபரில் அப்டேட் விட்டார்கள், பாஸ்களோடு (பெரிய எதிரிகளோடு) திரும்பத் திரும்பச் சண்டை போடும் வசதி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதுவும் ஏற்கெனவே ஜெயித்தவர்களுக்கானது.

கானாடுகாத்தான்_ஓநாய்:
மணியும் தாயத்தும் நல்ல வாதம். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, யோசிக்கிறேன். ஆனால் ‘மாட்’ என்பது ஆடுகிறவன் தானாகப் போட்டுக்கொள்வது. செய்தவனே மெனுவில் வைப்பது வேறு. முதல் தோல்வியிலேயே அந்த மெனு கண்ணுக்கு முன்னால் இருந்தால், கொஞ்சம் பொறுத்தால் ஜெயிக்கக்கூடியவனும் அங்கே போய்விடுவான். நானும் போயிருப்பேன். கெனிச்சிரோவின் வாள் மோதுகிற தாளம் கைக்குப் பிடிபட்ட அந்த ராத்திரி எனக்குக் கிடைத்திருக்காது.

மீனாவுக்கு ஒரு விஷயம். செகிரோவின் ஆப்ஷன்ஸிலேயே பட்டன்களை மாற்றலாம். தடுப்பை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து பார். கொக்கி எல்2வில் இருக்கும், அதையும் வலது பக்கம் மாற்றலாம். பிஎஸ்4 செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதியிலும் பட்டன் மாற்றும் வசதி உண்டு. அப்புறம், சிதிலக் கோயில் வாசலில் ஹன்பெய் என்று ஒரு சாகாத மனிதன் நிற்பான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவனிடம் பழகலாம், செத்தாலும் இழப்பு இல்லை. தடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் நம் போஸ்ச்சர் சீக்கிரம் இறங்கும், அதையும் தம்பியிடம் சொல்.

பள்ளத்தூர்_மீனா:
தடுப்பை ஆர்1க்கும் வெட்டை ஆர்2வுக்கும் மாற்றினோம் அண்ணே. இடது கைக்கு இப்போது நடப்பது மட்டும்தான் வேலை. ஹன்பெயிடம் ரொம்ப நேரம் பழகினான், டிஃப்ளெக்ட் சத்தம் சரியாக விழ ஆரம்பித்திருக்கிறது. குதிரைக்காரன் கியோபுவை நேற்று அவனே முடித்தான், நான் தொடவே இல்லை. நன்றி.

ஆனால் கொக்கியை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. வலது பக்கம் பட்டன் தீர்ந்துவிட்டது, கியோபு தூரம் போகும்போது கொக்கி போட்டுத்தான் பிடிக்க வேண்டும். அங்கே ரொம்பத் திணறினான். யாராவது வேறு அமைப்பு வைத்திருந்தால் சொல்லுங்கள்.

நேரத்தைக் கூட்டும் ஒரு ஆப்ஷன் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. சிங்கை அண்ணன் கேட்ட மணிக்கும் தாயத்துக்கும் பதில் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், ஓநாய் அண்ணே.