நியூ ஜெர்சியின் குட்டி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள்: இணைக்கலாமா, இப்படியே விடலாமா?

வரிகட்டி:
எங்கள் ஊர் ஒரு தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளி நடத்தத் தனக்கென்று வரியும் நிர்வாகமும் உள்ள அமைப்பு. கிண்டர்கார்டன் முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளி. நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள். இதற்கு நிர்வாகத் தலைவராக ஒரு சூப்பரிண்டெண்டென்ட், ஒரு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், ஒரு பிரின்சிபால், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஸ்பெஷல் எட்டுக்கு ஒரு டைரக்டர், எல்லோருக்கும் மேலே ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கல்விக் கட்டணம் கட்டி அனுப்புகிறோம். கிரான்பரி பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போவது போல.

இப்போது பக்கத்து இரண்டு ஊர்களோடு இணைவதைப் பற்றி ஆய்வு செய்யலாமா என்று போர்டில் பேச்சு. 2022 ஜனவரியில் அன்றைய கவர்னர் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டப்படி இந்த மாதிரி ஆய்வுக்கு மாநில மானியம் உண்டு. ஆய்வுதான், இணைப்பு இல்லை. அதற்குள் தெருவுக்குத் தெரு 'நம் பள்ளியைக் காப்போம்' பலகை.

நான் இணைப்புக் கட்சி. மாநிலத்தில் 564 நகராட்சிகள், கிட்டத்தட்ட 600 டிஸ்ட்ரிக்ட்கள். மேரிலாண்டில் 60 லட்சம் பேருக்கு 24 தான், கவுண்ட்டிக்கு (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்) ஒன்று, பால்டிமோர் நகரத்துக்குத் தனியாக ஒன்று. இங்கே வீட்டுக்குச் சராசரி சொத்து வரி வருடத்துக்கு 10,000 டாலரைத் தொட்டாகிவிட்டது, அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. நானூறு பிள்ளைகளுக்கு எதற்கு ஒரு முழு அரசாங்கம்?

சின்னஊர்க்காரி:
வரிகட்டி சார், நீங்கள் சொல்லும் "முழு அரசாங்கத்தில்" போர்டு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, சட்டமே அப்படித்தான். மூன்று வருடப் பதவி. வேலை முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணி வரை கூட்டத்தில் உட்கார்ந்து, மறுநாள் ஷாப்ரைட் கடை வரிசையில் நம்மிடம் திட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் திட்டு வாங்குவதுதான் எனக்கு வேண்டும். என் பையனுக்கு பேச்சுப் பயிற்சி நேரத்தைக் குறைக்கப் பார்த்தபோது போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து கேட்டேன். சூப்பரிண்டெண்டென்ட்டுக்கு என் பையனைப் பெயர் சொல்லித் தெரியும். மேரிலாண்ட் மாண்ட்கமரி கவுண்ட்டியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள். அங்கே யாரைப் போய்ப் பார்ப்பீர்கள்?

அப்புறம், எங்கள் பள்ளி மதிப்பெண் பக்கத்து ஊர்களைவிட நன்றாகத்தான் இருக்கிறது. உடையாததை எதற்குக் கழற்ற வேண்டும்?

கணக்குநோட்டு:
மதிப்பெண்ணை இழுக்காதீர்கள் அம்மா, அது இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. ஒரு வகுப்பில் 40 பேர். போன வருடத்தைவிட மூன்று பேர் கூடுதலாகச் சறுக்கினால் தேர்ச்சி விகிதம் 7.5 புள்ளி இறங்கிவிடும். அடுத்த வருடம் இரண்டு கெட்டிக்காரக் குடும்பங்கள் குடிவந்தால் ஏறிவிடும். இதற்காகச் சூப்பரிண்டெண்டென்ட்டுக்கு மாலை போடுவதும் தப்பு, மனு எழுதுவதும் தப்பு. எண்ணிக்கை இன்னும் குறைந்தால், பிள்ளை யார் என்று தெரிந்துவிடும் என்பதற்காக அந்தப் பிரிவின் மதிப்பெண்ணை மாநிலம் வெளியிடுவதே இல்லை. ஆக, ஸ்பெஷல் எட் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது குட்டி டிஸ்ட்ரிக்ட்டின் அறிக்கையில் பெரும்பாலும் வெறும் நட்சத்திரக் குறிதான். மூன்று, நான்கு வருடங்களைச் சேர்த்து, பிள்ளைகளின் வளர்ச்சி அளவையும் வைத்துப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் தெரியும்.

மாநிலத்தின் கியூசாக் மதிப்பீடு வேறு சமாச்சாரம். பாடம், பணியாளர், நிதி, நடைமுறை, நிர்வாகம் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். ஆனால் அதில் பாதி, கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்ற கேள்விதான். நானூறு பிள்ளை டிஸ்ட்ரிக்ட்டும் நாற்பதாயிரம் பிள்ளை டிஸ்ட்ரிக்ட்டும் அதே கோப்புகளைத்தான் நிரப்ப வேண்டும். வரிகட்டி சொல்லும் "முழு அரசாங்கம்" அங்கேதான் காசைத் தின்கிறது.

கோயம்புத்தூரான்:
எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. ஹெச்-1பியில் இருக்கிறேன். வீடு வாங்கிவிட்டேன், வரி கட்டுகிறேன். போர்டு தேர்தலில் ஓட்டு இல்லை. இந்த இணைப்புக்கு வாக்கெடுப்பு வந்தாலும் எனக்கு ஓட்டு இருக்காதுதானே? எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்த நிலைமைதான்.

கணக்குநோட்டு:
இருக்காது தம்பி. ஓட்டுப் போடவும் போர்டில் நிற்கவும் குடியுரிமை வேண்டும். ஆனால் கூட்டத்தில் பேச ஓட்டர் கார்டு கேட்க மாட்டார்கள். பட்ஜெட் மார்ச்சில் வரும், ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பொது விசாரணை இருக்கும். அதற்குப் போங்கள். பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

சிட்டிசன்களுக்கும் பட்ஜெட் மீது இப்போது ஓட்டு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. முன்பு ஏப்ரலில் தேர்தல், பட்ஜெட்டையும் வாக்குக்கு விடுவார்கள். 2012 ஜனவரியில் வந்த சட்டப்படி, தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொண்டால், வரி உயர்வு 2 சதவீத வரம்புக்குள் இருக்கும்வரை பட்ஜெட்டை மக்களிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் மாறிவிட்டது. மாறாமல் இருப்பார்களா என்ன?

வரிகட்டி:
அந்த 2 சதவீதம்தான் என் வாதத்தின் முதுகெலும்பு. 2010இல் அன்றைய கவர்னர் கிறிஸ்டி கொண்டுவந்தார், அதற்கு முன் 4 சதவீதம். ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் இந்த 2 சதவீதத்தைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது? விதிவிலக்குகள் உண்டு, தெரியும். ஆனாலும் வருடாவருடம் இடைவெளி விழுகிறது. எங்கள் ஊரில் முதலில் ஸ்பானிஷ் டீச்சர் அரை நேரம் ஆனார், அப்புறம் இசை டீச்சர். சூப்பரிண்டெண்டென்ட் மட்டும் முழு நேரம்.

மாநிலத்திடமும் நமக்குப் பெரிதாக எதுவும் வராது. பள்ளிகளுக்கான மாநில உதவியைப் பிரிக்கும் 2008 சட்டம் ஊரின் சொத்து மதிப்பையும் வருமானத்தையும் வைத்து "நீங்கள் இவ்வளவு கட்ட முடியும்" என்று கணக்குப் போடுகிறது. நம் மாதிரி ஊர்களுக்கு வரும் பதில்: "நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்." அந்தச் சட்டத்துக்கு மாறும் காலத்தில் பழைய உதவி விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்த தொகையையும் 2018 சட்டம் படிப்படியாக வெட்டியது. டாம்ஸ் ரிவர், ஜாக்சன் மாதிரி பெரிய டிஸ்ட்ரிக்ட்களே அதில் திணறின.

சின்னஊர்க்காரி:
2018 வெட்டு நியாயம் என்றுதான் நான் சொல்வேன். ஆபட் வழக்கு தொடங்கி நாற்பது வருடமாக ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்காக கோர்ட்டில் போராடி வாங்கிய பணம். மாணவர் குறைந்த ஊர் பழைய கணக்கிலேயே வாங்கிக்கொண்டிருந்தால், மாணவர் கூடிய ஊருக்குக் குறைகிறது. சரி, அது வேறு சண்டை.

ஸ்பெஷல் எட் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லை. குட்டி டிஸ்ட்ரிக்ட்டை உண்மையில் உலுக்குவது சூப்பரிண்டெண்டென்ட் சம்பளம் இல்லை. வெளியே தனிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய ஒரு பிள்ளை நடு வருடத்தில் குடிவந்தால் போதும். அந்தச் செலவு தனியார் பள்ளியில் 55,000 டாலரைத் தாண்டினால்தான் மாநிலத்தின் சிறப்பு உதவிக்கே விண்ணப்பிக்க முடியும். தாண்டின தொகையிலும் ஒரு பகுதிதான் வரும், அதுவும் தாமதமாக. இதைச் சொல்லும்போது நாக்கு கூசுகிறது, ஏனென்றால் கூட்டத்தில் சிலர் அந்தப் பிள்ளையையே பிரச்சினை மாதிரிப் பேசுவார்கள். பிள்ளை பிரச்சினை இல்லை.

வரிகட்டி:
நீங்கள் சொன்னது முழுக்க என் பக்க வாதம்! மூன்று ஊர் சேர்ந்தால் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். வெளியே அனுப்பாமல் நம் கட்டடத்திலேயே ஒரு ஆட்டிஸம் வகுப்பு திறக்கலாம். உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகளுக்கு பேச்சுப் பயிற்சியாளரை இரண்டு நாளுக்கு ஒப்பந்தத்தில் எடுக்காமல் முழு நேரமாக வைக்கலாம்.

சின்னஊர்க்காரி:
அதற்கு இணைய வேண்டாமே. பகிர்வு ஒப்பந்தம் போதும். இரண்டு டிஸ்ட்ரிக்ட் ஒரே சூப்பரிண்டெண்டென்ட்டை வைத்துக்கொள்வது ஏற்கெனவே நடக்கிறது. அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ், ஹைலண்ட்ஸ், அந்த இரண்டு ஊருக்கும் பொதுவான மேல்வகுப்பு டிஸ்ட்ரிக்ட்டான ஹென்றி ஹட்சன் ரீஜனல் மூன்றும் பல வருடம் ஒரே சூப்பரிண்டெண்டென்ட்டோடுதான் ஓடின. ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால் முறித்துக்கொள்ளலாம். இணைப்பு அப்படியா?

கணக்குநோட்டு:
அதே மூன்றும் 2023 செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்து, 2024 ஜூலையிலிருந்து ஒரே டிஸ்ட்ரிக்ட் ஆகிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சூப்பரிண்டெண்டென்ட் மாதத்துக்கு மூன்று போர்டு கூட்டம், மூன்று பட்ஜெட், மூன்று தணிக்கை என்று ஓடுவது எவ்வளவு நாள் தாங்கும்? அதற்கு முன்னால் 2014இல் ஹண்டர்டன் கவுண்ட்டியில் லாம்பர்ட்வில், வெஸ்ட் ஆம்வெல், ஸ்டாக்டன், சவுத் ஹண்டர்டன் ஹைஸ்கூல் நான்கும் ஒன்றாயின. சுமார் ஆயிரம் பிள்ளைகளுக்கு அதுவரை நான்கு போர்டு.

மிச்சம் உண்டா என்றால், சைராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டன்கோம்பும் யிங்கரும் நியூயார்க் மாநிலக் கிராம டிஸ்ட்ரிக்ட்களை வைத்துப் போட்ட கணக்கு இருக்கிறது. 300 பிள்ளை அளவில் இரண்டு சேர்ந்தால் மிச்சம் கணிசம். 1,500 அளவுக்கு வந்தபிறகு அது சுருங்கிவிடும். உங்கள் ஊர் மிச்சம் வரும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் கவனியுங்கள்: ஆசிரியர் சம்பளப் பட்டியல்களை ஒன்றாக்கும்போது யாரும் குறைந்த பட்டியலுக்கு இறங்கி வர மாட்டார்கள். பணிப் பாதுகாப்பும் தொடரும், அது தொடரத்தான் வேண்டும். ஆக முதல் சில வருடம் மிச்சம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

அதைவிடப் பெரிய வெடிகுண்டு பங்குப் பிரிப்பு. மூன்று ஊரும் சேர்ந்து செலவை எதை வைத்துப் பிரிப்பீர்கள், பிள்ளைத் தலைகளையா, சொத்து மதிப்பையா? பசாயிக் கவுண்ட்டியில் நார்த் ஹேலிடன் ஊரைப் பாருங்கள். ஹேலிடன், ப்ராஸ்பெக்ட் பார்க்கோடு சேர்ந்து மான்செஸ்டர் ரீஜனல் ஹைஸ்கூல். முதலில் தலைக்கணக்கு. 1975 சட்டத்துக்குப் பிறகு சொத்துக்கணக்கு. நார்த் ஹேலிடன் பிள்ளைக்கு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு கட்ட வேண்டியதாயிற்று. விலகப் பார்த்தார்கள். 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் விடவில்லை: அந்த ஊர் போனால் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் குறைந்து இனக் கலப்பு கெடும், செலவுப் பங்கை வேண்டுமானால் திருத்துங்கள் என்றது.

சின்னஊர்க்காரி:
பார்த்தீர்களா, உள்ளே போனால் வெளியே வர முடியாது.

வரிகட்டி:
அந்தத் தீர்ப்பு எனக்கு நேர்மையாகத்தான் படுகிறது. ஊர் எல்லையை வேலியாக்கி "எங்கள் வரி எங்கள் பிள்ளைக்கு" என்று உட்கார்ந்துகொள்வதுதானே குட்டி டிஸ்ட்ரிக்ட்டின் இன்னொரு முகம்? உங்கள் சூப்பரிண்டெண்டென்ட்டுக்கு உங்கள் பையனின் பெயர் தெரிவது நல்லது. பக்கத்து ஊரில் அதே பிரச்சினையோடு இருக்கும் பையனுக்கு வாரம் ஒரு நாள்தான் பயிற்சி.

சின்னஊர்க்காரி:
அது சரி, அந்தப் பையனுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒன்பது பேர் போர்டில் நம் ஊருக்கு இரண்டு இடம் தந்தால், கட்டடத்தை மூடும் தீர்மானம் வரும்போது ஏழுக்கு இரண்டில் தோற்போம். அப்போது பிள்ளைகள் காலை ஆறரை மணிக்கு பஸ் ஏற வேண்டும். உங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்களா வரிகட்டி சார்?

வரிகட்டி:
சின்னவள் ஏழாம் வகுப்பு. நானும் அதே பஸ் ஸ்டாப்பில் நிற்பவன்தான்.

கோயம்புத்தூரான்:
அப்போ ஆய்வு அறிக்கை வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பொது விசாரணையில் என்ன கேட்கலாம்? உருப்படியாக யாராவது சொல்லுங்கள், எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன்.

கணக்குநோட்டு:
பங்குப் பிரிப்பை மூன்று விதமாகப் போட்டு, ஒவ்வொரு ஊரிலும் ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு அடுத்த பத்து வருட வரி எவ்வளவு என்று அட்டவணை கேளுங்கள். "மொத்த மிச்சம்" என்று ஒரே எண்ணைக் காட்டினால் உட்காராதீர்கள். வெளியே அனுப்பும் ஸ்பெஷல் எட் செலவு மூன்று ஊருக்கும் சேர்த்து எவ்வளவு, அதில் எத்தனை பேரை உள்ளேயே வைத்துக்கொள்ள முடியும் என்றும் கேளுங்கள். மிச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சின்னஊர்க்காரி:
எந்தக் கட்டடத்தையும் பத்து வருடத்துக்கு மூட மாட்டோம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அது இருந்தால் நான் என் பலகையைக் கழற்றுகிறேன்.

வரிகட்டி:
தருவார்கள், எழுத்திலேயே தருவார்கள். ஆனால் அடுத்து வரும் போர்டை அந்தக் காகிதம் கட்டுப்படுத்துமா என்று கணக்குநோட்டு சார்தான் சொல்ல வேண்டும்.

கணக்குநோட்டு:
போர்டு தீர்மானமாக மட்டும் இருந்தால் அடுத்த போர்டு அதை மாற்றிக்கொள்ளலாம். வாக்குச்சீட்டுக்குப் போகும் நிபந்தனைகளிலேயே எதைச் சேர்க்க முடியும் என்று போர்டு வக்கீலிடம் கேளுங்கள், வாக்கெடுப்புக்கு முன்பே.