போவிஸ் கோட்டைக்குப் போகலாமா, கூடாதா?

வைகைக்கரையான்:
அடுத்த மாதம் குடும்பத்தோடு வேல்ஸ் போகிறோம். வழியில் வெல்ஷ்பூல் அருகே போவிஸ் கோட்டை வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர்கள் கட்டியது, பிறகு பிரபுக்களின் மாளிகையானது, 1952 முதல் நேஷனல் டிரஸ்ட் (பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் பிரிட்டிஷ் அறக்கட்டளை) வசம். கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருட்களுக்கென்றே உள்ளே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாம். போகலாமா?

பொருநை:
எதற்கு? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள். அதிலிருந்த புலித்தலை ஒன்று அங்கே காட்சிக்கு இருக்கிறது. திப்புவின் கூடாரமும் அங்கேதான். கொள்ளைப் பொருளைப் பார்க்க, கொண்டுபோனவன் வீட்டுக்கே டிக்கெட் எடுத்துப் போகவேண்டுமா?

மாடவீதி:
கோபம் சரி, ஆனால் போகாமல் இருப்பதால் என்ன ஆகப்போகிறது? அந்தக் கூடாரத்துத் துணியைப் பார்த்தால் புரியும்: பருத்தியில் சாயமிட்ட பூச்சாடிகள், 200 வருடம் கழித்தும் நிறம் நிற்கிறது. நம்மிடம் இருந்திருந்தால் கரையான்தான் பார்த்திருக்கும்.

பொருநை:
இந்தக் கரையான் கதையை எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? அவர்கள் மட்டும் பொத்திப் பொத்தியா வைத்தார்கள்? தோட்டத்து விருந்துகளுக்கு அந்தக் கூடாரத்தைத்தானே பந்தலாகப் போட்டார்கள்! தப்பித்தது துணியின் அதிர்ஷ்டம்.

கல்வெட்டுக்காரன்:
இருவருமே திப்புவோடு நின்றுவிட்டீர்கள். இந்த மாளிகைக்கு நம் ஊர்க்கதை ஒன்று உண்டு. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், போவிஸ் குடும்பத்து ஹென்றியட்டாவை 1784இல் மணந்தார். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதும் (1799), மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் (1801), ஆற்காட்டு நவாபின் கையிலிருந்து கர்நாடிக் (அன்றைய தமிழகப் பகுதி) ஆட்சி கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனதும் இவர் காலத்தில்தான். ஊர் திரும்பியதும், 1804இல் போவிஸ் பிரபு என்ற பட்டம். மைசூர்க்காரர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிற விஷயமா இது?

மாடவீதி:
நல்ல தகவல். ஆனால் எல்லாமே கொள்ளை என்பது அதிகம். ஹென்றியட்டா 1800இல் மகள்களோடு சென்னையிலிருந்து மைசூர் வரை பயணம் போனவர், ஆசையாகச் சேகரித்தவர். விலைக்கு வாங்கியது, பரிசாக வந்தது எல்லாம் அதில் கலந்திருக்கிறது.

பொருநை:
ஆளுநர் மனைவி கேட்டால் எந்த ராஜா மாட்டேன் என்பான்? அதற்குப் பெயர் பரிசா?

மாடவீதி:
சரி, திருப்பித் தரவேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம்? திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள், 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரிசுகளுக்கா, கர்நாடக அரசுக்கா, டில்லிக்கா?

கல்வெட்டுக்காரன்:
வாங்குகிறவர் யார் என்று நாம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம், அது நம் தலைவலி. அதைக் காரணம் காட்டி வைத்திருக்கிறவர் சும்மா இருக்க முடியாது. 2020இல் நேஷனல் டிரஸ்டே தன் இடங்களின் காலனியத் தொடர்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு இங்கிலாந்திலேயே எவ்வளவு எதிர்ப்பு! அந்த அறிக்கை வந்ததே பெரிய விஷயம் என்பேன், போதாது என்றும் சொல்வேன்.

வைகைக்கரையான்:
போவதென்று முடிவு செய்துவிட்டோம். பையன் எட்டாம் வகுப்பு, பாடத்தில் கட்டபொம்மன் வருகிறது. அப்புறம், தோட்டமும் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

பொருநை:
தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் உங்களோடு சண்டைக்கு வருவேன். கயத்தாறு பற்றி அங்கே எங்காவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள், தமிழில் கொடுத்தாலும் சரி.