பித்தவெடிப்புக்கு எலுமிச்சை, கமலா ஆரஞ்சுத் தோல்: எப்படிப் போடுறது?

நாகலூர்வாசி:
காபித் தோட்டத்து வேலை, மழைக்காலம் முழுக்க கம்பூட்ஸ். குதிகால்ல பித்தவெடிப்பு, விரலிடுக்குல சேற்றுப்புண். எலுமிச்சையை அறுத்து அப்படியே வெடிப்புல தேய்க்கலாமாங்க? கமலா ஆரஞ்சுத் தோலைத் தேங்காயெண்ணெயில போட்டா பூசணம் பிடிக்குது, அது ஏன்?

குகைத்தெரு:
வெடிப்புக்குள்ள சாறு விடவே விடாதீங்க. எலுமிச்சைச் சாறுல நூத்துக்கு அஞ்சாறு பங்கு சிட்ரிக் அமிலம். தடிச்ச செத்த தோலை அது இளக்கும். பிளந்த இடத்துல பட்டா எரிச்சு, புண்ணு ஆழமாகும்.

ரத்தம் கசியாத வெடிப்புன்னா இப்படிப் பண்ணுங்க. 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு பழத்துச் சாறு. 10 நிமிஷம் போதும், அதுக்கு மேல ஊறினா தோல் இன்னும் வறண்டுடும். ஓரத்துல வெள்ளையா நிக்கிற தோலை மட்டும் கால் தேய்க்கிற கல்லால லேசா ஒரே பக்கமா தேய்ங்க, பிளேடு வேண்டாம். நல்ல தண்ணியில அலசி, ஈரம் ஒத்தி, அந்தப் பதத்துலயே வாசலின் பூசி பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை ஊறவைச்சா போதும், வாசலின் தினமும். உண்மையில வெடிப்பை மூட வைக்கிறது அந்தக் கொழுப்புதான். ஆழமா இருந்தா 20 சதவீத யூரியா கிரீம் மருந்துக்கடையில கேளுங்க.

ராத்திரியில மட்டும் செய்யுங்க. எலுமிச்சைச் சாறும் தோலெண்ணெயும் பட்ட இடத்துல வெயில் விழுந்தா, ஒண்ணு ரெண்டு நாள்ல சிவந்து கொப்புளிச்சு, பழுப்புத் தழும்பு மாசக்கணக்கா நிக்கும். சாறு பிழிஞ்ச கைக்கும் அதே கதிதான், சோப்புப் போட்டுக் கழுவுங்க.

மலைச்சந்தை:
பூசணத்துக்குக் காரணம் தோல்ல இருக்கிற ஈரம். ஏற்காட்டு மூடுபனியில அது காயவே காயாது. கீழ சேலத்துல நிழல்ல காயப்போட்டு, ஒடிச்சா "படக்"னு முறியணும். வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. 10 கிராம் தோலுக்கு 100 மில்லி எண்ணெய், தோல் முழுக்க மூழ்கணும். வாசம் மாறிட்டா கொட்டிடுங்க: பழத் தோலெண்ணெயில பெரும்பங்கு லிமோனின்ங்கிற வாசனைப் பொருள், காத்துபட்டுப் பழசானா நம்ம சருமத்துல அரிப்பைக் கிளப்பும். எப்பவும் முழங்கையில ஒரு சொட்டு வச்சு, ஒருநாள் பார்த்துட்டுக் கால்ல போடுங்க.

நாகலூர்வாசி:
ரொம்ப நன்றிங்க. சேற்றுப்புண்ணுக்கும் இதே தண்ணிதானா? வீட்ல அம்மாவுக்கு சுகர் இருக்கு, அவங்க வைக்கலாமா?

குகைத்தெரு:
ரெண்டுக்கும் வேண்டாம். சேற்றுப்புண் பூஞ்சை. 1 சதவீத க்ளோட்ரிமசோல் கிரீம், காலையும் ராத்திரியும், 4 வாரம். அரிப்பு நின்ன உடனே விடறதாலதான் திரும்பத் திரும்ப வருது. பூட்ஸுக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சு வைங்க, மறுநாள் வேற சாக்ஸ்.

அம்மா காலை ஊறவைக்கவே கூடாதுங்க. உணர்ச்சி குறைஞ்ச கால்ல சூடும் தெரியாது, எரிச்சலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்த்து விடுங்க. விரலிடுக்கு தவிர மத்த இடத்துக்கு வாசலின். வெடிப்பைச் சுத்தி சிவப்போ சீழோ கண்டா அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.