1981 நெகட்டிவ்களில் வினிகர் வாடை, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவிடம் டார்க்ரூம் வேலை கற்றவன் நான். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் டெவலப்பர் தட்டுக்குள் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழும்பி வருவதைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பித்து விடவில்லை. நம்ம ஊர் வெயிலில் ஃபிலிம் கழுவும் டி-76 டெவலப்பர் கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டி வாங்க ஓடுவதுதான் என் முதல் வேலை. இப்போது டிஜிட்டலில்தான் எடுக்கிறேன், ஆசை மட்டும் அதேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1981-ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மறுபடி பிரதிஷ்டை செய்தபோது அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் பீரோவில் இருந்தன. போன வாரம் டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை. அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் இப்படித்தான் வரும், பக்கத்தில் உள்ள நல்ல ஃபிலிமையும் கெடுத்துவிடும் என்பதால் அந்த ரோல்களைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டேன். இரண்டு ரோல் ஓரம் சுருண்டு பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இழுக்கப் பயமாக இருக்கிறது. கூட்டத்தில் பாட்டி கைகூப்பி நிற்கும் ஒரே படம் அதில்தான் இருக்கிறது.

ஒட்டிய ஃபிலிமைப் பிரித்த அனுபவம் யாருக்காவது உண்டா? தண்ணீரில் ஊறவைக்கலாமா, படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சு கழன்று வந்துவிடுமா? அப்புறம், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் மேக்ரோ லென்ஸ் வைத்து நெகட்டிவை டிஜிட்டலாக்கித் தருபவர் இருந்தால் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி எடுத்து வருகிறேன். கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை.