வால்பாறை மழைக்காட்டைப் பார்க்க ஒரு நாள் போதுமா?

வேளச்சேரி செந்தில்:
காலாண்டு விடுமுறையில் அப்பா, மனைவி, ஒன்பது வயது மகளுடன் சென்னையிலிருந்து காரில் வால்பாறை போகிறோம். அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அதிகம் நடக்க முடியாது. மகளுக்குச் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை, பார்த்தே ஆக வேண்டும். மலையில் கிடைப்பது ஒரு முழு நாள். சோலையாறு அணை, நீரார், சின்னக்கல்லார், முடிந்தால் அதிரப்பள்ளி என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிவருமா?

தாம்பரம் ராகவன்:
பொள்ளாச்சியே 500 கிலோமீட்டருக்கு மேல். இரவு அங்கே தங்கி, விடிந்ததும் மலையேறுங்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மயிலாப்பூர் கல்யாணி:
தம்பி, முதலில் அதிரப்பள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். முதல் முறை போனபோது நானும் ஒரே நாளில் ஐந்து இடம் பார்த்தேன். முப்பது வருடம் தாவரவியல் கற்பித்தவள், ஒரு மரத்தடியில்கூட நிற்காமல் திரும்பினேன். அந்த வருத்தத்தில்தான் மறு வருடம் ஜூன் கடைசியில் மீண்டும் போனேன்.

அன்று புதுத்தோட்டம் அருகே சாலையோரத்திலேயே ஒன்றரை மணி நேரம் இருந்தோம். தேயிலைக்கு நடுவே தீவு போல மிஞ்சியிருக்கும் காடு அது. மழை விட்ட பிறகும் மரத்தடியில் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. வால் போல நீண்ட இலை நுனிகளில் நீர் திரண்டு விழுவதை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். இலையில் ஈரம் தங்காமல் வடிவதற்கான அமைப்பு அது.

பிறகு மந்திகள் வந்தன. ஓர் ஆண், முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, கிளையில் அமர்ந்து வெடிபலா என்ற காட்டு மரத்தின் காயைக் கடித்துப் பிளந்தது. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் காய்! விதையை எடுத்து வாயில் அடக்கியதும் கன்னம் உப்பியது. இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை.

அப்போது ஒரு கார் நின்று சிப்ஸ் வீசியது. குட்டியைச் சுமந்த தாய் மரத்தை விட்டுச் சாலைக்கு இறங்கிவிட்டது. எதிரே பஸ். ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். எனக்கு இன்னும் நடுக்கம் தீரவில்லை. இவை சாலையைக் கடக்கவென்றே மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் தீனி போட்டுக் கீழே இழுக்கிறோம். தயவுசெய்து ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், நடக்கவே வேண்டாம். வண்டியை வளைவில் நிறுத்தாமல் அகலமான ஓரம் பார்த்து நிறுத்துங்கள். எஸ்டேட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். அட்டை கடித்தால் நகத்தால் ஓரத்தில் நெம்புங்கள், விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. சிறிது நேரம் கசிந்தால் குழந்தை பயப்பட வேண்டாம்.

வேளச்சேரி செந்தில்:
மிக்க நன்றி அம்மா. அதிரப்பள்ளி, சின்னக்கல்லார் இரண்டையும் நீக்கிவிட்டேன். மகள் இப்போது வரையாடும் வேண்டும் என்கிறாள். எங்கே பார்க்கலாம்?

மயிலாப்பூர் கல்யாணி:
ஏறும்போதே, ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில். அங்கே மழைக்காடு இல்லை, பாறையும் புல்லும்தான். காலையில் தடுப்புச் சுவர் அருகிலேயே மேயும். அதற்கும் தீனி கிடையாது என்று அவளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.