சயனோடைப்: கழுவும்போது நீலம் ஓடிவிடுகிறது, எங்கே தவறு?

வெயில்தாள் கேட்டது:

வணக்கம். சயனோடைப் (இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் வெயில் காட்டி நீல நிறப் படம் எடுக்கும் முறை) பிரிண்ட் வெயிலில் இருக்கும்வரை அருமையாக இருக்கிறது. தண்ணீரில் போட்டதும் முகத்தின் நடுச்சாயல்கள் எல்லாம் போய்விடுகின்றன. தலைமுடி, சட்டைக் காலர் மாதிரி அடர்ந்த இடங்கள் மட்டும் வெளிறிய நீலமாக மிஞ்சுகின்றன. செய்முறை இதுதான்:

கரைசல் அ: பச்சை நிற பெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மிலி தண்ணீரில்.
கரைசல் ஆ: பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம், 100 மிலி தண்ணீரில்.
சம அளவு கலந்து உடனே பூச்சு.
தாள்: ஸ்டேஷனரி கடையில் வாங்கிய 200 ஜிஎஸ்எம் ஓவியத் தாள், அட்டையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறது.
நெகட்டிவ்: ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்) எடுத்த லேசர் பிரிண்ட்.
வெயில்: காலை 11 மணி, 10 நிமிடம்.
கழுவுவது: போர் தண்ணீர், அரை மணி நேரம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நீலம் திரும்பி வரும் என்கிறார்கள், உண்மையா? இன்னொன்று: போனில் படமெடுத்துப் பகிர்ந்தால் நீலம் ஊதாவாகத் தெரிகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

இரும்புச்சாயம்:

கரைசலில் தப்பு இல்லை. உங்கள் பட்டியலில் இரண்டு வரி உறுத்துகிறது: 'ஆசிட் ஃப்ரீ' தாள், போர் தண்ணீர். இரண்டிலும் காரம் இருக்க வாய்ப்பு அதிகம். பிரிண்டில் தெரியும் நீலத்தின் பெயர் பிரஷ்யன் நீலம், அதற்குக் காரம் ஆகவே ஆகாது.

புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் சிட்ரேட்டில் இருக்கும் இரும்பு ஒடுக்கமடைந்து, பெரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத நீலமாகிறது. கதிர் படாத இடத்து உப்புகள் கழுவும்போது கரைந்து வெளியேறுகின்றன. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தபோது இருந்த அதே வேதியியல்தான். அந்த நீலத்தின் மேல் காரம் பட்டால் அது உடைந்து பழுப்பு நிற இரும்பு ஹைட்ராக்சைடாகிவிடும். மெல்லிய சாயல்களில் நீலம் குறைவு, அதனால் முகம்தான் முதலில் போகும்.

தாளில் 'ஆசிட் ஃப்ரீ' என்றால் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். தாள் பழுப்பேறாமல் இருக்க அது நல்லது, நம் வேலைக்குக் கெடுதல். ஒரு துண்டு வெட்டி எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். போன் கேமராவை மேக்ரோவில் வைத்து அந்தச் சொட்டையே பாருங்கள். ஊசிமுனை அளவுக் குமிழ்கள் நாருக்குள்ளிருந்து வரிசையாக எழுந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள்தூளை வைத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள் நன்றாகச் சிவக்க பிஎச் 8.5 தாண்ட வேண்டும், அதற்குக் கீழேயே நம் நடுச்சாயல்கள் போய்விடும்.

தண்ணீரைச் சோதிக்க, ஒரே பிரிண்டை நெடுக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒன்றைப் போர் தண்ணீரில், மற்றதை ஆர்ஓ தண்ணீரில், இரண்டையும் 10 நிமிடம் கழுவிக் காயவைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்ஓ துண்டு மட்டும் தேறினால் குற்றம் தண்ணீருடையது. இரண்டும் வெளிறினால் தாளையோ வெயில் நேரத்தையோ பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று பயன்படுத்த வேண்டாம். அது போர் தண்ணீரைவிடக் கடினமானது.

பெராக்சைடு போன நீலத்தைக் கொண்டுவராது. இருக்கும் நீலம் ஒருநாளில் காற்றுப்பட்டு அடையப்போகும் அடர்த்தியை அரை நிமிடத்தில் காட்டும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசலில் 10 மிலி, ஒரு லிட்டர் தண்ணீருக்குப் போதும்.

---

நெகட்டிவ்பெட்டி:

மேலே சொன்னது சரி. ஆனால் தாளை மாற்றுவதற்கு முன்னால் வெயில் நேரத்தைச் சரிபாருங்கள். குறைவாக வெயில் காட்டிய பிரிண்டும் இப்படித்தான் கழுவலில் காணாமல் போகும். வித்தியாசம் தெரிய ஒரு வழி இருக்கிறது. வெயில் போதாவிட்டால் தண்ணீரில் போட்ட முதல் நிமிடத்திலேயே சாயல் போய்விடும், அதன் பிறகு நிற்கும். காரம் என்றால் 10, 20 நிமிடம் என்று கழுவக் கழுவ வெளிறிக்கொண்டே போகும்.

10 நிமிடம் என்று கடிகாரத்தை நம்ப முடியாது. சித்திரை வெயிலும் மார்கழி வெயிலும் ஒன்றல்ல, மேகம் ஓடினால் கணக்கே மாறும். பூச்சின் நிறத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சள் கலந்த பச்சை. பிறகு நீலப்பச்சை. அதன்பின் அடர்ந்த இடங்கள் ஈயப் பாத்திரத்தின் சாம்பல் நிறத்துக்குத் திரும்பி, இலேசாக மினுங்கும். அந்தச் சாம்பல் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நீலம் அழகாகத் தெரியும்போது எடுத்தால் பாதிதான் வெந்திருக்கிறது.

முறையாக நேரம் கண்டுபிடிக்க, பூச்சுப் போட்ட தாள் துண்டின் மேல் எதுவும் அச்சிடாத ஓஎச்பி ஷீட்டை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, அட்டையை நகர்த்தி நகர்த்தி 2, 4, 6, 8, 12, 16 நிமிடப் பட்டைகள் எடுங்கள். கழுவி, காயவைத்து, மறுநாள் பாருங்கள். ஈரத்தில் முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள், காய்ந்தால் இன்னும் அடரும். எந்தப் பட்டைக்குப் பிறகு நீலம் மேலும் கூடவில்லையோ, அதுதான் உங்கள் அடிப்படை நேரம்.

இனி நெகட்டிவ். லேசர் பிரிண்டைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். கறுப்பு வழியாகக் குழாயின் வடிவம் தெரிந்தால் புற ஊதாவும் உள்ளே போகும், வெண்மையாக இருக்க வேண்டிய இடம் நீலமாகும். அதற்குப் பயந்து பலரும் வெயில் நேரத்தைக் குறைக்கிறார்கள், முகம் போவதற்கு அதுவும் காரணம். கடையில் டோனர் சேவரை (மையைக் குறைத்து அச்சிடும் அமைப்பு) அணைக்கச் சொல்லி, ஒரே படத்தில் இரண்டு ஷீட் எடுத்து, ஓரம் பொருத்தி டேப் ஒட்டுங்கள். இன்க்ஜெட்டில் ஓஎச்பிக்கென்றே விற்கும் சொரசொரப்பான பக்கமுள்ள ஷீட் வேண்டும், சாதாரண ஷீட்டில் மை காயாமல் வழியும்.

படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட மறக்காதீர்கள். மை பக்கம் தாளைத் தொட வேண்டும். ஷீட்டின் தடிமன் நடுவில் வந்தாலே இமை முடிகள் மங்கிவிடும்.

---

கைத்தாள்:

பூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏ4 தாளுக்கு 3 மிலி கலவை போதும், அ 1.5, ஆ 1.5, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்துகொள்ளலாம். இரும்புப் பட்டை போட்ட பிரஷ் வேண்டாம். பட்டையில் கரைசல் பட்டால் வெயில் காட்டுவதற்கு முன்பே நீலப் புள்ளிகள் விழும். ஃபோம் பிரஷ் நல்லது. நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை, குட்டை நிற்கக் கூடாது. தண்ணீரில் போட்டதும் நீலத் தூள் புகை மாதிரி எழுந்தால் பூச்சு தாளுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. பூசிய பிறகு இருட்டில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, அதன்பின் காயவையுங்கள்.

கடலோர ஊர்களில் முக்கியமானது ஈரம். தொட்டால் சில்லென்று இருக்கும் தாள் இன்னும் காயவில்லை. அதை நெகட்டிவோடு அழுத்தினால் ஷீட்டும் கறைபடும், வெண்மையும் மங்கும். ஹேர் டிரையரை மிதச் சூட்டில் பின்பக்கமாகக் காட்டுங்கள். பூசிய தாளை அன்றே பயன்படுத்துங்கள். மஞ்சள் குண்டு பல்ப் வெளிச்சத்தில் வேலை செய்யலாம், டியூப் லைட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் கூடாது.

தாளுக்கு, சுண்ணாம்பு சேர்க்காத பருத்திக் கைத்தாள் கேட்டு வாங்குங்கள். ஒரே கடையிலேயே கட்டுக்குக் கட்டு மாறும், அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் எலுமிச்சைச் சோதனை அவசியம். இறக்குமதித் தாளில் ஹானமூலே பிளாட்டினம் ரேக் சுண்ணாம்பு இல்லாமலே வருகிறது, விலைதான் அதிகம். கற்கும்போது அதை வீணாக்க வேண்டாம்.

கழுவ: முதல் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், அல்லது சிட்ரிக் ஆசிட் ஒரு தேக்கரண்டி. 2 நிமிடம். பிறகு வெறும் தண்ணீரில் மஞ்சள் முழுக்கப் போகும்வரை, வழக்கமாக 8 முதல் 10 நிமிடம். அரை மணி நேரம் மிக அதிகம். மஞ்சள் மிச்சமிருந்தாலும் ஆபத்து, வெளிச்சத்தில் அது பின்னால் நீலமாகும். பாத்ரூமில் இருக்கிறதே என்று கழிப்பறை ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். வீரியமான அமிலமும் பெரிசயனைடும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். தரையில் பட்ட நீலக் கறைக்குச் சலவை சோடா போதும்.

---

இரும்புச்சாயம்:

வினிகரில் ஒரு சின்ன மாற்றுக்கருத்து. அமிலத்தில் கழுவினால் நடுச்சாயல் தங்கும், உண்மை, ஆனால் படத்தின் கான்ட்ராஸ்ட் குறையும். இலை, இறகு, லேஸ் துணி மாதிரி பளிச்சென்ற வெள்ளை உருவங்களுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீரே மேல். முகத்துக்கு வினிகர் சரி.

---

சுவரில்மாட்டு:

ஊதாப் பிரச்சினைக்கு. போனின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், சட்டம் முழுக்க நீலமாக இருப்பதைப் பார்த்து அதைச் சமன் செய்ய மஞ்சளையும் சிவப்பையும் கூட்டுகிறது. நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் ஊதா. ப்ரோ மோடுக்குப் போங்கள். பிரிண்டை வைக்கப்போகும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் பூசாத வெள்ளைத் தாளை வைத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸின் கெல்வின் எண்ணை நகர்த்திப் பூட்டுங்கள். எச்டிஆரையும் சீன் ஆப்டிமைசரையும் அணையுங்கள். அகன்ற லென்ஸைவிட 2எக்ஸில் தள்ளி நின்று எடுத்தால் ஓரங்கள் வளையாது.

வெளிச்சத்துக்கு மேகமூட்டமான மொட்டைமாடி போதும். வீட்டுக்குள் என்றால் ஒரே மாதிரி இரண்டு எல்இடி பல்ப், இரு பக்கமும் 45 பாகையில். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ, ஆட்டோ கலர் கரெக்ஷன் ஆஃப். சொரசொரப்பான கைத்தாளில் ஸ்கேனரின் ஒருபக்க வெளிச்சம் நார்களைப் பெரிதாக்கிக் காட்டும், அதற்கு போன்தான் நல்லது. படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அமைப்பில் சேமியுங்கள்.

பகிரும்போது பிரஷ் தடம் தெரியும் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். கையால் பூசியது என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்த ஓரம்தான். தாள், நேரம், மாதம், எந்தத் தண்ணீர் என்று நான்கு சொல் சேர்த்துப் போட்டால் அடுத்தவர் அதைச் செய்து பார்க்கலாம். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை உலக சயனோடைப் நாள், அன்று பல ஊர்க்காரர்களும் பிரிண்ட் பகிர்வார்கள், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சமயம்.

---

வெயில்தாள்:

எலுமிச்சைச் சொட்டில் குமிழ் வந்தது. இந்தத் தாள் 20 ஷீட் மிச்சம். இதை ஏதாவது செய்ய முடியுமா?

---

கைத்தாள்:

முடியும். அமிலத்தில் ஊறவைத்து சுண்ணாம்பை எடுக்க வேண்டும். சிட்ரிக் ஆசிட் இதற்குச் சரிவராது, கால்சியம் சிட்ரேட் எளிதில் கரையாமல் நாருக்குள்ளேயே தங்கும். சல்ஃபாமிக் ஆசிட் 10 சதவீதம், அதாவது ஒரு லிட்டரில் 100 கிராம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், குமிழ் முழுக்க நிற்கும்வரை ஊறவிட்டு, பிறகு ஆர்ஓ தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொடியில் போடுங்கள். அந்தத் தட்டை பெரிசயனைடு வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். முதலில் ஒரு ஷீட் மட்டும் செய்து, காய்ந்த பிறகு மறுபடி எலுமிச்சை விட்டுப் பாருங்கள். குமிழ் இல்லை என்றால் மீதி 19ஐயும் ஊறவையுங்கள்.